எருக்குவியலும் சாளரமும்: வீட்டுக் காற்றைச் சீராக்கும் முறைவரிசை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாழ்ந்த மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் என்ற மருத்துவ அறிஞர், குடியிருப்புகளின் காற்று கெட்டுவிட்டதா என்பதை அறிய எளிதான ஓர் அளவுகோலைத் தேடினார். மூக்கை நம்பிப் பயனில்லை. அறைக்குள்ளேயே அமர்ந்திருப்பவரின் மூக்கு சில நிமிடங்களில் அந்த நாற்றத்துக்குப் பழகிவிடும். ஆகவே மனிதர் விடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து, அது ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த அறை தங்குவதற்கு ஏற்றதன்று என்று 1858இல் அவர் வரையறுத்தார். அந்த வாயுவே நஞ்சு என்று அவர் சொல்லவில்லை. அதனுடன் சேர்ந்து தேங்கும் மற்றவற்றுக்கு அது ஓர் அடையாளம் என்றே கருதினார். இன்றும் கட்டடப் பொறியாளர்கள் பேச்சுவழக்கில் ‘ஆயிரம் பிபிஎம்’ (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்று சொல்வது அவர் போட்ட அந்தக் கோட்டைத்தான். ஆனால் அவர் சொன்னவற்றுள் அதைவிடப் பயனுள்ளது வேறொன்று: அறைக்குள் ஓர் எருக்குவியல் கிடந்தால், காற்றோட்டத்தைக் கொண்டு நாற்றத்தைப் போக்க முயலக் கூடாது, குவியலை வெளியே அள்ளிக் கொட்ட வேண்டும்.

வீட்டுக் காற்றைப் பற்றி அதற்குப் பின் வந்த ஆய்வுகள் அனைத்தும் ஏறக்குறைய இந்த வரிசையையே உறுதிப்படுத்தியிருக்கின்றன. முதலில் மாசு பிறக்கும் இடத்தை நீக்குவது அல்லது குறைப்பது, அது இயலாதபோது பிறந்த இடத்திலேயே பிடித்து வெளியேற்றுவது, அடுத்து புதுக்காற்றால் நீர்க்கச் செய்வது, இவற்றுக்குப் பிறகும் எஞ்சுவதை வடிகட்டுவது. சந்தையோ இதைத் தலைகீழாக விற்கிறது. வடிகட்டும் கருவிக்கு விளம்பரம் உண்டு. அடுப்பை மாற்றுவதற்கும், ஒழுகும் குழாயைச் சரிசெய்வதற்கும், வாசனைத் தெளிப்பானை வாங்காமல் இருப்பதற்கும் விளம்பரம் செய்வார் யாருமில்லை. காற்றுத் தூய்மிப்பான் பயனற்ற பொருள் என்பது இதன் பொருளன்று. நான்காவது செய்ய வேண்டியதை முதலாவதாகச் செய்பவர், மற்ற மூன்றையும் செய்து முடித்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் சிக்கல்.

வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1990களின் முற்பகுதியில் நடத்தப்பட்ட ஒரு பெரிய கணக்கெடுப்பில், மக்கள் தம் நேரத்தில் 87 விழுக்காட்டைக் கட்டடங்களுக்குள்ளும் மேலும் 6 விழுக்காட்டை வாகனங்களுக்குள்ளும் கழிப்பது தெரியவந்தது. நேரத்தைக் காட்டிலும் அழுத்தமான காரணம் ஒன்று உண்டு. திறந்த வெளியில் வெளியாகும் புகை பரந்த வானத்தில் கலந்து நீர்த்துவிடுகிறது. நான்கு சுவர்களுக்குள் வெளியாகும் புகைக்குப் போக்கிடம் இல்லை, அதைச் சுவாசிக்க ஆளும் அருகிலேயே இருக்கிறார். வீட்டுக்குள் வெளியாகும் மாசு ஒருவரது நுரையீரலை அடைவதற்கான வாய்ப்பு, வெளியே அதே அளவில் வெளியாகும் மாசுக்கு இருப்பதைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு என்பது இத்துறையினர் பயன்படுத்தும் ஒரு தோராய விதி. தொழிற்சாலைப் புகைபோக்கி கண்ணில் படுகிறது. கட்டிலுக்கு அடியில் எரியும் கொசுவத்திச் சுருளை யாரும் புகைபோக்கியாக நினைப்பதில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு ஈடானது என்று அளந்து காட்டியது.

நுண்துகள் என்று இங்கே சொல்வது, விட்டத்தில் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத துகள்களை. தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் இவை நுரையீரலின் அடியில் உள்ள காற்றறைகள் வரை செல்கின்றன. மாரடைப்பு, பக்கவாதம், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய், குழந்தைகளுக்கு வரும் நிமோனியா ஆகியவற்றோடு இவற்றுக்குள்ள தொடர்பு நன்கு நிறுவப்பட்டது. உலகச் சுகாதார அமைப்பு 2021இல் தன் வழிகாட்டு அளவைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. இது ஆண்டுச் சராசரிக்கான அளவு. 24 மணி நேரச் சராசரிக்கு 15. எண்ணெயில் எதையாவது வறுக்கும்போது, மூடிய சமையலறையில் இந்த எண் சில நிமிடங்களிலேயே பல நூறைத் தொட்டுவிடும்.

வீட்டுக்குள் பிறக்கும் மாசுகளில் நெருப்பின் பங்குதான் மிகப் பெரியது. விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றைத் திறந்த அடுப்பிலோ சரியாக எரியாத அடுப்பிலோ எரித்துச் சமைப்பவர்கள் உலகில் இன்னும் சுமார் 210 கோடிப் பேர் இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் வீட்டுப் புகையால் நேர்ந்த இறப்புகள் 32 லட்சம் என்றும், அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலகச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. காற்று மாசு என்றாலே நகரமும் வாகனமும் நினைவுக்கு வந்த 1980களின் தொடக்கத்தில், கிராமத்துச் சமையலறைகளுக்குள் அளவீட்டுக் கருவிகளைக் கொண்டுசென்று இந்தப் பிரச்சினையை அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் கர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர். புகையின் பெரும்பகுதியைச் சுவாசிப்பவர்கள் சமைக்கும் பெண்களும் அவர்களோடு இருக்கும் சிறு பிள்ளைகளும் என்பதை எண்களாகக் காட்டியது அவரைப் போன்றோரின் பணிதான்.

அடுப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை சற்றுச் சிக்கலானது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த ஒரு பெரிய ஆய்வில், பாதிப் பேருக்குச் சமையல் எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகத் தரப்பட்டன. அதன் முடிவு 2022இல் வெளிவந்தது. விறகையே தொடர்ந்தவர்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம், எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கு அது 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது பெரிய மாற்றம்தான். ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையில் இரு தரப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதைக் கொண்டு அடுப்பு மாற்றம் வீண் என்று முடிவு கட்டுவது அவசரம். 24 என்பது வழிகாட்டு அளவைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பதையும், பக்கத்து வீட்டுப் புகையும் தெருப் புகையும் சுவரைத் தாண்டி வரும் என்பதையும் சேர்த்தே அந்த முடிவைப் படிக்க வேண்டியிருக்கிறது.

எரிவாயு அடுப்பு விறகடுப்பைவிடப் பலமடங்கு மேலானது; ஆனால் அதுவும் நெருப்புதான். அதன் நீலச் சுடரின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. அவற்றுள் நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாய்களை எரிச்சலூட்டுவது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாதது. பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2013இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், எரிவாயுவில் சமைக்கும் வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா இருப்பதற்கான அபாயம் 42 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது. காரணமும் விளைவும் இதில் எந்த அளவுக்கு நேரடியானவை என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்கிறது. இண்டக்‌ஷன் போன்ற மின்னடுப்பில் சுடரே இல்லாததால் இந்த வாயுவும் இல்லை. ஆனால் துகள்களின் கணக்கு வேறு. சூடேறிய எண்ணெயும் கருகும் உணவும் எந்த அடுப்பிலும் நுண்துகளை உண்டாக்கும். எனவே மின்னடுப்புக்கு மாறியவரும் புகையை வெளியேற்றும் வழியைக் கைவிட முடியாது.

அந்த வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நன்றாகத் தோன்றும் பல சமையலறைகள் தவறுவது இங்கேதான். அடுப்புக்கு மேலே பொருத்தப்படும் சிம்னிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குழாய் வழியாகப் புகையைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளுவது. மற்றொன்று, உறிஞ்சிய காற்றை ஒரு வலையிலும் சிறிதளவு கரியிலும் செலுத்தி மீண்டும் அறைக்குள்ளேயே விடுவது. இரண்டாவது வகை எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பகுதியைப் பிடிக்குமே தவிர, நைட்ரஜன் டை ஆக்சைடையோ கார்பன் மோனாக்சைடையோ நீராவியையோ வெளியேற்றாது. வாங்கும்போது விலையையும் வடிவத்தையும் ஒப்பிடுபவர்கள், குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேட்பது அரிது. முதல் வகையிலும், சுவரை ஒட்டிய பின்பக்க அடுப்புகளின் புகையே நன்கு பிடிபடும். முன்பக்க அடுப்பின் புகை பெரும்பாலும் விளிம்பைத் தாண்டி நழுவிவிடும். அடுப்பைப் பற்றவைக்கும்போதே சிம்னியை ஓடவிட்டு, சமைத்து முடித்த பின்னும் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஓடவிடுவதும், அதிகம் புகையும் சமையலைப் பின்பக்க அடுப்புக்கு மாற்றுவதும் செலவில்லாத திருத்தங்கள். சிம்னி வாங்க இயலாத வீட்டில், அடுப்புக்கு அருகே உயரத்தில் பொருத்திய சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும். இரண்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரவும் ஒரு வழி வேண்டும். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு விசிறியை ஓடவிட்டால், அது வெறுமனே சத்தம் போடும். அல்லது வேறோர் எரிகருவியின் புகைக்குழாய் வழியாகப் புகையை உள்ளே இழுத்துவிடும்.

பின்னது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதுவரை பேசிய மாசுகள் ஆண்டுக்கணக்கில் தீங்கு செய்பவை. கார்பன் மோனாக்சைடு ஒரே இரவில் கொல்லும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைவதால், காற்றில் மிகச் சிறிய அளவே இருந்தாலும் உடல் ஆக்சிஜனுக்குத் தவிக்கத் தொடங்கும். குளிருக்காக மூடிய அறையில் வைக்கும் கரி அடுப்பு, காற்றோட்டமில்லாத குளியலறையில் பொருத்திய எரிவாயு கீசர், சாளரத்துக்கு அருகே ஓடும் ஜெனரேட்டர் ஆகியவையே இதன் வழக்கமான பிறப்பிடங்கள். தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை வீட்டில் உள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனதும் தணிந்தால், அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிப் படுத்துவிடக் கூடாது. உடனே அனைவரும் வெளியேறி மருத்துவ உதவி பெற வேண்டும். சாளரத்தைச் சற்றுத் திறந்து வைத்துக் கரியை எரித்தால் போதும் என்பது பலரை ஏமாற்றிய நம்பிக்கை.

நெருப்பே இல்லாத அறையிலும் மாசு பிறக்கும். புதிய மேசை, புதிய அலமாரி, புதிய வண்ணம் ஆகியவற்றிலிருந்து வரும் ‘புது வாசனை’ பலருக்குப் பிடித்தது. அந்த வாசனை பெரும்பாலும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் கலவை. அவற்றுள் அதிகம் கவனிக்க வேண்டியது ஃபார்மால்டிஹைடு. மரத்தூளையும் மெல்லிய மரத்தகடுகளையும் ஒட்டிப் பலகையாக்கும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசையிலிருந்து அது மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் கசிகிறது. புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை 2004இல் சேர்த்தது. 2005இல் கத்ரீனா சூறாவளியில் வீடிழந்த அமெரிக்கர்கள் அரசு கொடுத்த இழுவை வண்டி வீடுகளில் குடியேறியபோது, கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் பரவலாகப் புகார்களாக எழுந்தன. பின்னர் அத்தகைய 519 வீடுகளில் அளந்தபோது ஃபார்மால்டிஹைடின் சராசரி நூறு கோடியில் 77 பங்காக இருந்தது. சிலவற்றில் 590 வரை சென்றது. சிறிய அறை, மலிவான பலகை, குறைந்த காற்றோட்டம், கடும் வெப்பம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடியதன் விளைவு அது. வெப்பமும் ஈரப்பதமும் ஏற ஏற இந்தக் கசிவும் ஏறும் என்பதால், கோடையில் பூட்டி வைத்த வீட்டைத் திறக்கும்போது முகத்தில் அறையும் நெடிக்குக் காரணம் தூசி மட்டுமன்று. புதிய மரச்சாமான்களைச் சில வாரங்கள் காற்றோட்டமான இடத்தில் வைத்திருந்து பின் படுக்கையறைக்குக் கொண்டுவருவதும், பலகையின் மூடப்படாத வெட்டு விளிம்புகளை அடைத்துப் பூசுவதும், வண்ணம் அடித்த கையோடு குழந்தையை அந்த அறையில் படுக்க வைக்காமல் இருப்பதும் உதவும்.

தூய்மைக்காக வாங்கும் பொருள்களே மாசாவது இதில் ஒரு விந்தை. எலுமிச்சை, பைன் வாசனை தரும் துப்புரவுத் திரவங்களில் உள்ள டெர்பீன் வகைச் சேர்மங்கள், காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் உண்டாக்குகின்றன. வாசனைத் தெளிப்பான் எந்த நாற்றத்தையும் நீக்குவதில்லை, நாற்றத்தின் மேல் இன்னொரு வாயுவைப் போர்த்துகிறது. எருக்குவியலின் மேல் பூத்தூவுவது போன்ற காரியம். குளோரின் சேர்ந்த பிளீச்சுடன் அம்மோனியா உள்ள திரவத்தைக் கலந்தால் குளோரமின் வாயுவும், கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயுவும் எழும். மூடிய கழிப்பறையில் இவை சில நிமிடங்களில் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடியவை. துப்புரவின் மிச்சப் பகுதிக்கு ஈரத்துணியால் துடைப்பதே சிறந்தது, ஏனெனில் காய்ந்த துடைப்பம் தரையில் படிந்ததை மூக்கின் உயரத்துக்கு எழுப்பிவிடுகிறது.

ஈரத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: நீர் எங்கிருந்து வருகிறது? நனைந்த சுவரோ மெத்தையோ 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குச் சாதகமில்லை. 50க்குக் கீழே போனால் படுக்கையில் வாழும் தூசிச் சிற்றுண்ணிகளும் பெருகுவதில்லை. கறுத்த சுவரின் மேல் வண்ணம் அடிப்பவர், ஒழுகலை அடைக்காதவரை, ஒவ்வோர் ஆண்டும் அடித்துக்கொண்டேதான் இருப்பார்.

மனிதர் செய்யாத மாசு ஒன்றும் உண்டு. 1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஓர் அணுமின் நிலையத்தில் பணிபுரிந்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர், கதிர்வீச்சுக் கண்டறியும் வாயிலைக் கடக்கும்போதெல்லாம் எச்சரிக்கை மணி ஒலித்தது. நிலையத்தில் அப்போது அணு எரிபொருளே இல்லை. தேடிப் பார்த்ததில், கதிரியக்கத்தை அவர் சுமந்து வந்தது தம் வீட்டிலிருந்து என்று தெரிந்தது. பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் பிறக்கும் ரேடான் வாயு, அடித்தள விரிசல்கள் வழியாக அந்த வீட்டுக்குள் புகுந்து தேங்கியிருந்தது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த முக்கியக் காரணங்களுள் ரேடான் ஒன்று. கன மீட்டருக்கு 100 பெக்கரெல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பது உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் மேல்வரம்பு. தரைக்குக் கீழுள்ள அறைகளிலும் தரைத்தளத்திலும் தங்குபவர்களுக்கே இந்தக் கவலை அதிகம்; அளந்து பார்ப்பதைத் தவிர இதை அறிய வேறு வழியில்லை.

குவியலை அள்ளியது போக எஞ்சுவதற்குத்தான் சாளரம். காற்றோட்டத்தை ‘மணிக்கு எத்தனை முறை அறையின் காற்று மாறுகிறது’ என்ற எண்ணால் அளப்பார்கள். ஒருமுறை மாறினால் பழைய காற்று முழுவதும் போய்விடும் என்று நினைப்பது இயல்பு. புதுக்காற்று பழையதோடு கலந்துகொண்டே வெளியேறுவதால், ஒரு முறைக்குப் பின் 37 விழுக்காடும், இரண்டு முறைக்குப் பின் 14 விழுக்காடும், மூன்று முறைக்குப் பின் 5 விழுக்காடும் எஞ்சியிருக்கும். எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து காற்று குறுக்கே பாயும்போது மணிக்குப் பதினெட்டு முறை மாறுகிறது என்று கொண்டால், பத்தே நிமிடத்தில் கருகிய புகையின் 95 விழுக்காடு போய்விடும். ஆனால் இந்தக் கணக்கு ஒருமுறை பிறந்து ஓய்ந்த மாசுக்கே பொருந்தும். அலமாரியிலிருந்து இடைவிடாமல் கசியும் வாயு, சாளரத்தை மூடிய சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். காலையில் பத்து நிமிடம் சாளரத்தைத் திறப்பவர் சமையல் புகையை வென்றுவிடுகிறார், அலமாரியை வெல்வதில்லை.

படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். 40 கன மீட்டர் கொள்ளளவுள்ள அறையில் இருவர் உறங்குகிறார்கள். இருவருமாக மணிக்குச் சுமார் 25 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார்கள் எனலாம். கதவும் சாளரமும் இறுக மூடியிருந்து, இடுக்குகள் வழியே மணிக்கு 0.3 முறை மட்டுமே காற்று மாறினால், வெளிக்காற்றின் சுமார் 420 பிபிஎம்மில் தொடங்கிய அளவு எட்டு மணி நேரத்தில் 2,000ஐத் தாண்டிவிடும். சாளரத்தைச் சற்றுத் திறந்து, காற்று மணிக்கு மூன்று முறை மாறினால் அது 650க்கு மேல் ஏறாது. அந்த வாயுவே இந்த அளவில் மூளையின் வேலையைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பெட்டன்கோஃபரைப் போல அதை ஓர் அடையாளமாகக் கொள்வதே பாதுகாப்பான வாசிப்பு. 2,000 பிபிஎம் காட்டும் அறையில் ஒருவர் விட்ட மூச்சின் ஒரு பகுதியை மற்றவர் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கிறார். ஒருவருக்கு நோய்த்தொற்று இருந்தால் அதன் பொருள் தெளிவு.

வெளிக்காற்றே அழுக்காக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியில்தான் பல அறிவுரைகள் தடுமாறுகின்றன. சாளரத்தைத் திறந்தால் நுண்துகள் நுழையும்; மூடினால் மூச்சுக்காற்று தேங்கும். முழுவதும் மூடிய வீட்டுக்குள்ளும் வெளித்துகள்கள் இடுக்குகளின் வழியே நுழைந்துகொண்டேயிருக்கும் என்பதால், மூடுவது மட்டும் தீர்வாகாது. வடிகட்டும் கருவிக்கு உண்மையான வேலை கிடைப்பது இங்கேதான். மேற்சொன்ன அதே 40 கன மீட்டர் அறையில், காற்று மணிக்கு ஒரு முறை மாறும்படி சாளரத்தைச் சிறிதளவே திறந்து வைத்து, மணிக்கு 200 கன மீட்டர் தூய காற்று தரும் கருவியை ஓடவிடுவதாகக் கொள்வோம். கருவி மணிக்கு ஐந்து முறை காற்றை வடிகட்டுகிறது, வெளிக்காற்று ஒரு முறை நுழைகிறது. எனவே உள்ளே இருக்கும் நுண்துகள் வெளியில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறையும். கார்பன் டை ஆக்சைடும் ஆயிரத்தை ஒட்டியே நிற்கும். சாளரத்தை அகலத் திறந்து வைத்து அதே கருவியை ஓட்டினால், அது தெருவைச் சுத்தம் செய்ய முயல்வதற்குச் சமம். நெரிசல் நேரத்தையும் குப்பை எரிக்கும் நேரத்தையும் தவிர்த்து வீட்டைத் திறப்பது இதனுடன் சேர வேண்டிய பழக்கம்.

கருவியை வாங்குபவர் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: மணிக்கு எத்தனை கன மீட்டர் தூய காற்று தருகிறது என்பது. அறையின் கொள்ளளவை ஐந்தால் பெருக்கி, அந்த எண்ணுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். விளம்பரத்தில் சொல்லப்படும் அளவு பெரும்பாலும் அதிவேகத்தில், காது பொறுக்காத இரைச்சலோடு ஓடும்போது கிடைப்பது என்பதால், ஒரு படி பெரியதை வாங்கி மெதுவாக ஓட்டுவது நல்லது. இத்தகைய கருவிகளில் உள்ள, நுண்ணிய இழைகளாலான ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் என்று சொல்லப்படுவதைக் கேட்டு, அதைவிடச் சிறிய துகள்கள் தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவு அதுதான். பெரிய துகள்கள் வளைந்து செல்ல இயலாமல் இழைகளில் மோதிவிடுகின்றன. மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டுத் தள்ளாடிச் சென்று ஒட்டிக்கொள்கின்றன. நடுத்தர அளவுள்ளவை மட்டுமே இரண்டுக்கும் ஓரளவு தப்புகின்றன. ஆனால் ஹெப்பா வாயுக்களைத் தொடாது. அதற்கான கரி அடுக்கு பல கருவிகளில் பெயரளவுக்கே இருக்கும், விரைவில் நிறைந்தும்விடும். 2020இல் காற்றுத் தர ஆய்வாளர் ரிச்சர்ட் கோர்சி, வடிகட்டி தயாரிப்பாளர் ஜிம் ரோசன்தால் ஆகிய இருவரின் யோசனைகளிலிருந்து பிறந்த பெட்டி அமைப்பு, நான்கு வடிகட்டிப் பலகைகளையும் ஒரு சதுர விசிறியையும் ஒட்டுநாடாவால் இணைத்தே விலையுயர்ந்த கருவிகளுக்கு ஈடாக வேலை செய்யும் என்று காட்டியது. ஓசோனை வெளியிட்டுக் காற்றைத் ‘தூய்மையாக்கும்’ கருவிகளை வாங்கவே வேண்டாம். ஓசோன் நுரையீரலுக்குத் தீங்கானது, மேலே சொன்ன வாசனைச் சேர்மங்களோடு வினைபுரிந்து புதிய மாசையும் படைப்பது.

தொட்டிச் செடிகளைப் பற்றிய நம்பிக்கை 1989இல் வெளியான நாசா ஆய்வு ஒன்றிலிருந்து பரவியது. அந்த ஆய்வு நடந்தது காற்றுப்புகாத சிறிய பெட்டிகளுக்குள். 2019இல் 196 சோதனைகளின் முடிவுகளை மீளாய்வு செய்தவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளைக் கொண்டு செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். அழகுக்காக வளர்ப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம்.

கடைசியாக, அளவிடும் கருவிகள். கையடக்க நுண்துகள் மானிகள் லேசர் ஒளி சிதறுவதைக் கொண்டு அளப்பவை. பனிமூட்டத்திலும் நீராவியிலும் அவை மிகைப்படுத்திக் காட்டும், எனினும் ஏற்ற இறக்கத்தைச் சரியாகவே காட்டும். அவற்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட, ஒரு வாரம் சோதனைக்கருவியாகப் பயன்படுத்துவது மேல். ஒருநாள் சிம்னியில்லாமலும் மறுநாள் சிம்னியோடும் ஒரே சமையலைச் செய்து, எண் எவ்வளவு ஏறுகிறது, எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டால், அந்த வீட்டின் எருக்குவியல் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு மானியில், அகச்சிவப்பு ஒளியால் நேரடியாக அளக்கும் வகையையே வாங்க வேண்டும். மலிவான பல கருவிகள் வேறு வாயுக்களை அளந்துவிட்டு அதிலிருந்து ஊகித்த எண்ணைக் காட்டுகின்றன. இந்த இரண்டு மானிகளுமே ரேடானையோ ஃபார்மால்டிஹைடையோ கார்பன் மோனாக்சைடையோ காட்டா. கடைசியாகச் சொன்னதற்குத் தனி எச்சரிக்கைக் கருவி உண்டு. எதையாவது எரிக்கும் வீட்டில் படுக்கையறைக்கு அருகே அது ஒன்று இருந்தாக வேண்டும். அதன் உணரிக்கும் ஆயுள் உண்டு. வகையைப் பொறுத்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் அது செயலிழக்கும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்கலமும் ஒலிப்பானும் வேலை செய்வதுதான் தெரியும், உணரி உயிரோடிருப்பது தெரியாது. மாற்ற வேண்டிய தேதி கருவியின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.